ஆகாயத்தில் ஒரு குளிர் அறை

2013-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் மாலை, வத்திக்கான் தோட்டத்திலிருந்து ஒரு வெள்ளை ஹெலிகாப்டர் எழும்பிய காட்சியை நம் வாசகர்களில் பலர் தொலைக்காட்சியில் கண்டிருப்பீர்கள். பணி துறந்த திருத்தந்தை 16-ஆம் ஆசீர்வாதப்பரை அது காஸ்தெல் கந்தோல்போவுக்குச் சுமந்து சென்றது. உரோமை நகரத்து ஆலய மணிகள் ஒலித்தன. அது எழுந்த தளம் திருத்தந்தை 6-ஆம் சின்னப்பர் காலத்தில், 1976-இல் அமைக்கப்பட்டது. அன்று உரோமையில் குளிர்காலம். உள்ளே அமர்ந்திருந்தோருக்கு வியர்த்திருக்க நியாயமில்லை. ஆனால் அதே வகை ஊர்தி ஒன்று சித்திரை வெயிலில் நம் கடற்கரையோரம் அரைமணி நேரம் நின்றுவிட்டுப் புறப்படுவதாக எண்ணிப் பாருங்கள். முன்புறமும் பக்கமும் காலடியிலும் கண்ணாடி. உள்ளே இருப்பவர்கள் என்ன பாடுபடுவார்கள்? அவர்களுக்குக் குளிர் கொடுக்க ஏதேனும் ஏற்பாடு உண்டா? உண்டெனில் அந்தக் குளிருக்காக நாம் வாழும் இந்த உலகம் என்ன விலை கொடுக்கிறது? இம்மாதம் இதைப்பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறோம். ஹெலிகாப்டரில் ஏறும் வாய்ப்பு நம்மில் எத்தனை பேருக்கு வாய்க்கும் என்று புன்னகைக்க வேண்டாம். நம் வீட்டுச் சுவரில் தொங்கும் பெட்டியின் இரகசியமும் இதற்குள்ளேதான் அடங்கியிருக்கிறது.

பெரிய ஆகாய விமானங்கள் 10 கிலோமீட்டருக்கும் மேலே பறப்பவை. அங்கே வெளிக்காற்று பூஜ்யத்துக்குக் கீழே 50 டிகிரி வரை குளிர்ந்திருக்கும். ஹெலிகாப்டரோ தரையை விட்டு அதிகம் பிரியாதது. ஒரு கிலோமீட்டர் ஏறினால் உஷ்ணம் சுமார் ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. சில நூறு மீட்டர் உயரத்திலேயே பணிபுரியும் ஊர்திக்கு அந்தச் சலுகை மிகச் சொற்பம். உச்சி வெயில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறக்குறைய 1,000 வாட் உஷ்ணத்தைக் கொட்டுகிறது. நம் வீட்டு இஸ்திரிப் பெட்டி ஒன்றின் சூடு என்று வைத்துக்கொள்ளலாம். நான்கு சதுர மீட்டர் கண்ணாடி இருந்தால் நான்கு இஸ்திரிப் பெட்டிகள். அமர்ந்திருக்கும் ஒவ்வொரு மனிதனும் பழைய குண்டு பல்பு போல் 100 வாட் உஷ்ணத்தை வெளிவிடுகிறான். மின்னணுக் கருவிகளின் சூடு வேறு. போதாக்குறைக்கு, இறக்கையைச் சுழற்றும் கியர் பாக்ஸ் பெரும்பாலான ஹெலிகாப்டர்களில் பயணிகளின் தலைக்கு நேர் மேலே, கூரையின்மீது உட்கார்ந்திருக்கிறது. எஞ்சினும் அதன் பக்கத்திலேயே.

இது சொகுசைப்பற்றிய பேச்சு என்று எவரும் எண்ணலாகாது. 2023 டிசம்பரில் தாமிரபரணி பெருகித் திருவைகுண்டம் பகுதி நீரில் தனித்து நின்றபோது, ரயிலில் அகப்பட்டவர்களுக்கு உணவு வானிலிருந்தே இறங்கிற்று. கடலில் காணாமற்போனவர்களைத் தேடுவதும், விபத்தில் சிக்கியவரை மருத்துவமனைக்குக் கொண்டு சேர்ப்பதும் ஹெலிகாப்டரின் வேலை. ஒரே இடத்தில் அந்தரத்தில் நிறுத்தி வைத்து, கயிற்றில் ஒரு மனிதனை ஏற்றும்போது விமானியின் இரு கைகளும் இரு கால்களும் ஒருசேர வேலை செய்கின்றன. உஷ்ணத்தால் சோர்ந்த மூளை பிழை செய்யும் என்பதை வைத்தியர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். வட கடல் எண்ணெய்க் கிணறுகளுக்குச் செல்வோரின் நிலை இன்னும் விசித்திரமானது. ஊர்தி கடலில் விழுந்துவிட்டால் குளிர்ந்த நீர் உயிரைப் பறிக்கும் என்பதால், நீர் புகாத கனத்த உடையை அணிந்தே அவர்கள் பறக்க வேண்டும். ஆகவே கீழே உறைய வைக்கும் நீர், உள்ளே வியர்வை. இப்படிப்பட்டவர்களுக்குக் குளிர்ந்த காற்று வேண்டுமென்பதில் நமக்கு ஐயமில்லை. குளிர்சாதனம் என்றாலே பாவம் என்பது போல் பிரசங்கிப்பது எமக்கு உடன்பாடன்று.

தானியேல் ஆகமத்தில் நெருப்புச் சூளையில் எறியப்பட்ட மூன்று இளைஞரை நாம் அறிவோம். ஆண்டவரின் தூதர் இறங்கி வந்து சூளையின் நடுவே பனித்துளி சுமந்த காற்று வீசுவது போலாக்கினார் என்று வாசிக்கிறோம். அந்தக் குளிருக்குக் குழாயும் வேண்டியிருக்கவில்லை. மின்சாரக் கட்டணமும் வரவில்லை. மனிதன் உண்டாக்கும் குளிருக்கு அந்தச் சலுகை கிடையாது. உண்மையில் மனிதன் குளிரை உண்டாக்குவதே இல்லை. ஓரிடத்து உஷ்ணத்தை எடுத்து வேறோரிடத்தில் கொட்டுகிறான், அவ்வளவே. அப்படிக் கொட்டுவதற்கும் சக்தி செலவாகிறபடியால், கொட்டப்படும் உஷ்ணம் எடுக்கப்பட்ட உஷ்ணத்தைவிட எப்பொழுதும் கூடுதலாகவே இருக்கும். ஏர்கண்டிஷனர் வைத்த வீட்டின் வெளிப் பெட்டி எந்தச் சந்துப் பக்கம் நோக்கியிருக்கிறதோ அந்தச் சந்தில் வசிப்பவர்களைக் கேட்டால் தெரியும்.

ஊசி போடுமுன் செவிலித்தாய் கையில் ஸ்பிரிட் தடவும்போது ஜில்லென்கிறதல்லவா? திரவம் ஆவியாகும்போது சுற்றியுள்ள உஷ்ணத்தை உறிஞ்சிக்கொள்கிறது. குளிர்சாதனத்தின் சூட்சுமம் இதுவே. விரைவில் ஆவியாகும் ஒரு வாயுவைக் குழாய்க்குள் அடைத்து, உள்ளே ஆவியாக விட்டு உஷ்ணத்தை உறிஞ்சச் செய்து, பிறகு கம்ப்ரெஸரால் அழுத்தி வெளியே அந்த உஷ்ணத்தை உதறச் செய்து, மறுபடியும் திரவமாக்கி உள்ளே அனுப்புகிறார்கள். வாயு செலவாவதில்லை; சுற்றிக்கொண்டே இருக்கிறது. இந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கடையில் ஒரு டன், ஒன்றரை டன் என்று சொல்கிறார்களே, அந்த டன் எது என்று பலருக்குத் தெரியாது. பெட்டியின் எடை அன்று. ஓர் அமெரிக்க டன் பனிக்கட்டி, அதாவது 907 கிலோ, ஒருநாள் முழுவதும் உருகும்போது எவ்வளவு உஷ்ணத்தை விழுங்குமோ அந்த அளவு. நம் கணக்கில் சுமார் 3,500 வாட். பனிக்கட்டியே வாணிபச் சரக்காக இருந்த காலத்தின் எச்சம் இது. பாஸ்டன் நகரத்து பிரடெரிக் டியூடர் என்பவர் அமெரிக்க ஏரிகளில் அறுத்தெடுத்த பனிக்கட்டியைக் கப்பலேற்றி 1833-இல் கல்கத்தாவுக்கு அனுப்பினார். சென்னைக் கடற்கரையில் அதைச் சேமித்து வைக்க எழுப்பிய கட்டடம் ஐஸ் ஹவுஸ் என்ற பெயரோடு நெடுங்காலம் விளங்கிற்று. இன்று அது விவேகானந்தர் இல்லம்.

அக்காலத்தில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் ஜான் கோரி என்றொரு வைத்தியர் இருந்தார். காய்ச்சலில் துடித்த நோயாளிகளின் அறையைக் குளிர்விக்க வேண்டும் என்பது அவருடைய தவிப்பு. கப்பலில் வரும் பனிக்கட்டியை நம்பிக் காத்திருக்க முடியாமல், தாமே ஓர் இயந்திரம் செய்தார். 1851-இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். அதனுள் எந்த மருந்து வாயுவும் கிடையாது. வெறும் காற்று! காற்றை அழுத்தினால் சூடாகும். அந்தச் சூட்டை நீரால் தணித்துவிட்டுக் காற்றை விரிய விட்டால் சில்லென்று ஆகும். அவருக்கு முதலீடு கிடைக்கவில்லை; 1855-இல் மனமொடிந்தவராக இறந்தார். பிற்காலத்தில் அவருடைய மாநிலம் அவருக்கு வாஷிங்டன் நகரின் சட்டமன்ற மாளிகையில் சிலை வைத்துச் சிறப்பித்தது. நோயாளிக்காகத் தொடங்கிய கலை இது என்பதை இங்கே குறித்துக்கொள்ள விரும்புகிறோம்.

பிறகு வந்தவர்கள் அம்மோனியா, கந்தக வாயு முதலியவற்றைக் குழாயில் அடைத்தார்கள். அவை கசிந்தால் நஞ்சு. ஆகவே 1928-இல் தாமஸ் மிட்ஜ்லி என்ற அமெரிக்கர் தம் துணைவர்களோடு நஞ்சற்ற, தீப்பற்றாத வாயு ஒன்றைக் கண்டுபிடித்தபோது உலகம் கொண்டாடியது. 1930-இல் விஞ்ஞானிகள் கூட்டமொன்றில் அவர் அதை வாய் நிறைய உள்ளிழுத்து, மெழுகுவர்த்தியின்மேல் ஊதி அணைத்துக் காட்டினார். மூச்சுக்கும் தீங்கில்லை, நெருப்பும் பற்றவில்லை. பிரியான் என்று பெயர் பெற்ற அந்த வாயு நாற்பது ஐம்பது ஆண்டுகள் வீட்டுக் குளிர்பெட்டியிலும், மோட்டார் வண்டியிலும், வானூர்தியிலும் நிறைந்திருந்தது. மனிதனுக்குத் தீங்கு செய்யாதது என்று சோதித்தார்கள். வானத்துக்கு என்ன செய்யும் என்று எவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

1974-இல் மரியோ மோலினா, ஷெர்வுட் ரோலண்ட் என்ற இரு விஞ்ஞானிகள் அந்தக் கேள்வியைக் கேட்டார்கள். அழியாத அவ்வாயு மேலே ஏறி, சூரியனின் கொடிய கதிர்களைத் தடுக்கும் ஓசோன் படலத்தை அரித்துவிடும் என்று கணித்தார்கள். மறு ஆண்டே இன்னொரு பேரிடி விழுந்தது. அதைச் சொன்னவர் நம் தமிழ்நாட்டவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த வீ. ராமநாதன், இளமையில் செகந்திராபாத்தில் குளிர்பெட்டித் தொழிலில் வேலை பார்த்தவர். குழாயிலிருந்து வாயு ஏன் கசிகிறது என்று ஆராய்வதே அவருக்குத் தரப்பட்ட அலுவல். பின்னர் அமெரிக்கா சென்ற அவர் 1975-இல், அதே வாயுவின் ஓர் அணுத்திரள் கரியமில வாயுவின் பத்தாயிரம் அணுத்திரள்களுக்கு ஈடாகப் பூமியின் உஷ்ணத்தைப் பிடித்துவைக்க வல்லது என்று நிறுவினார். கம்பளியை ஒன்றன்மேலொன்றாய்ப் போர்த்துவது போல. கசிவைத் தேடத் தொடங்கியவர், கசிந்தது போய்ச் சேர்ந்த இடத்தைக் கண்டுபிடித்துவிட்டார்! 2004-இல் அவர் திருத்தந்தையின் விஞ்ஞானக் கழகத்தில் உறுப்பினராக்கப்பட்டார். மதபேதம் பாராது அறிஞர்களைச் சேர்த்துக்கொள்ளும் கழகம் அது. மோலினாவும் அதில் உறுப்பினராக இருந்து 2020-இல் காலமானார்.

1985-இல் தென் துருவத்தின்மேல் ஓசோன் படலம் மெலிந்து கிடப்பதைப் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் அறிவிக்க, 1987 செப்டம்பர் 16-ஆம் நாள் மாண்ட்ரியல் நகரில் நாடுகள் கூடி உடன்படிக்கை செய்துகொண்டன. பிரியான் மெல்ல விடைபெற்றது. அதனிடத்தில் ஓசோனைத் தொடாத வேறு வாயுக்கள் வந்தன. அவற்றுள் 134-ஏ என்ற எண்ணால் அழைக்கப்படுவது மோட்டார் வண்டிகளிலும், அவற்றைப் பின்பற்றி ஹெலிகாப்டர்களிலும் இடம் பிடித்தது. இன்றும் பறக்கும் ஹெலிகாப்டர்களில் குளிர்சாதனம் பொருத்தியவற்றைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் இதையே காணலாம்.

ஓசோனுக்கு அது நல்லது. ஆனால் ராமநாதன் சொன்ன கம்பளிக் குணம் இதற்கும் உண்டு. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் ஒரு கிலோ 134-ஏ சுமார் 1,430 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். ஒரு ஹெலிகாப்டரில் இரண்டு கிலோ வாயு இருப்பதாக வைத்துக்கொண்டு, அது முழுவதும் கசிந்தால் என்னவாகும் என்று கணக்கிடுவோம். ஏறக்குறைய 2,860 கிலோ கரியமில வாயு. விமான எரிபொருள் ஒரு கிலோ எரிந்தால் 3.15 கிலோ கரியமில வாயு வரும். ஆக, 900 கிலோ எரிபொருளைக் கொளுத்தியதற்கு ஈடு. நடுத்தர இரட்டை எஞ்சின் ஹெலிகாப்டர் இரண்டு மூன்று மணி நேரம் பறக்கும் அளவு. கண்ணுக்குத் தெரியாமல், மணமில்லாமல், ஓசையில்லாமல் அது போய்விடுகிறது.

இதைத் தடுக்க 2016 அக்டோபரில் ருவாண்டா நாட்டுக் கிகாலி நகரில் மாண்ட்ரியல் உடன்படிக்கைக்கு ஒரு திருத்தம் செய்தார்கள். நம் நாடு 2021-இல் அதை ஏற்றது. 2028-இல் இவ்வகை வாயுக்களின் அளவை நிறுத்தி, 2047-க்குள் 85 விழுக்காடு குறைக்க வேண்டும். ஐரோப்பிய நாடுகள் மேலும் விரைகின்றன. 2017 முதல் அங்கே விற்கப்படும் புதிய கார்களில் 134-ஏ வாயுவுக்கு இடமில்லை. ஹெலிகாப்டர்களை அந்தச் சட்டம் தொடவில்லை. ஆனால் உற்பத்தியாகும் வாயுவின் மொத்த அளவே ஆண்டுக்காண்டு சுருங்கும்போது, வானத்தில் பறப்பவர் மட்டும் எத்தனை நாள் விலகி நிற்க முடியும்?

சரி, வேறு வாயுவை ஊற்றிவிட்டால் போயிற்று என்று தோன்றும். காரில் கைகூடுவது ஹெலிகாப்டரில் எளிதன்று. காரணங்களுள் முதன்மையானது எடை. குளிர்சாதனக் கருவி சில பத்துக் கிலோ கனத்தால், அத்தனை கிலோ மருந்தோ எரிபொருளோ, ஒருவேளை நோயாளியின் பக்கத்தில் அமர வேண்டிய செவிலியோ தரையில் தங்க நேரிடும். அடுத்தது சக்தி. வெயில் ஏற ஏறக் காற்று மெலிகிறது. மெலிந்த காற்றில் இறக்கைக்குப் பிடிமானமும் குறைகிறது, எஞ்சினின் வலுவும் குறைகிறது. குளிர் மிகவும் வேண்டப்படும் அந்த வேளையிலேதான் எஞ்சினிடம் கொடுக்க ஒன்றும் மிஞ்சியிருப்பதில்லை. சில ஊர்திகளில் நெருக்கடியான நேரத்தில் குளிர்சாதனத்தையே நிறுத்திவிடுவார்கள். பிறகு அதிர்வு. ஹெலிகாப்டரில் ஏறியவர்கள் சொல்வார்கள், பல் எல்லாம் ஆடும் என்று. அந்த அதிர்வில் ஆண்டுக்கணக்காகக் குலுங்கும் குழாய் மூட்டுகள் தளராமல் என்ன செய்யும்? கம்ப்ரெஸரைச் சுழற்ற வெளியிலிருந்து ஒரு தண்டு உள்ளே போகிறது. அது நுழையும் இடத்தில் வைத்த அடைப்பு எத்தனை நேர்த்தியானதாயினும் சிறிது சிறிதாகக் கசியும். ரப்பர் குழாயும் மூச்சுவிடும்.

ஆகவே இன்று இத்துறையில் உழைக்கும் பொறியாளர்கள் வாயுவை மாற்றுமுன் கசிவை நிறுத்தப் பார்க்கிறார்கள். வீட்டுக் குளிர்பெட்டியில் இருப்பது போல் மோட்டாரையும் கம்ப்ரெஸரையும் ஒரே கூட்டுக்குள் பற்றவைத்து மூடிவிட்டால், தண்டு நுழையும் துவாரமே இராது. உள்ளே செல்வது மின்கம்பி மட்டும். ஆனால் ஹெலிகாப்டரின் மின்சாரம் வழக்கமாக 28 வோல்ட். 5,000 வாட் மோட்டாரை அதில் ஓட்ட 180 ஆம்பியர் வேண்டும்; கை விரல் பருமனுக்குச் செம்புக் கம்பி தேவைப்படும், அதுவும் எடை. 270 வோல்ட்டாக உயர்த்தினால் 20 ஆம்பியருக்குள் அடங்கிவிடும். ஆகக் குளிர்சாதனத்தைத் திருத்தப் போனவர் ஊர்தியின் மின் அமைப்பையே திருத்த வேண்டியவராகிறார். வானூர்தியில் ஒரு பகுதியை மாற்றினால் சோதனையும் அனுமதியும் ஆண்டுக்கணக்கில் இழுக்கும். பொறுமையும் இங்கே ஒரு கருவிதான்.

வாயுக்களில் எது? கார்களில் இப்பொழுது பழகிவரும் 1234-ஒய்.எஃப். என்பது ஏறக்குறைய அதே அழுத்தத்தில், அதே குழாயில் வேலை செய்யும். காற்றில் சில நாட்களில் சிதைந்துவிடுவதால் கம்பளிக் குணம் அற்பம். ஆனால் இலேசாகத் தீப்பற்றும் இயல்புடையது. எஞ்சின் பக்கத்தில் அதை வைக்க யோசிக்க வேண்டும். சிதைந்த பின் உண்டாகும் ஓர் அமிலம் மழையில் கரைந்து நிலத்திலும் நீரிலும் அழியாமல் தங்குகிறது என்பதும் கவலைக்குரியது. மிட்ஜ்லியின் மெழுகுவர்த்தியை எண்ணிப் பார்த்தால் இந்தக் கவலையை இலேசாகத் தள்ளிவிட மனம் வரவில்லை.

மற்றொரு வழி, எந்த வாயுவை உலகமே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியிருக்கிறதோ அந்தக் கரியமில வாயுவையே குழாயில் அடைப்பது! வியப்பாக இருக்கும். ஆனால் எண்ணிப் பாருங்கள்: ஒரு கிலோ கசிந்தால் ஒரு கிலோ, 1,430 அன்று. பிரியான் வருவதற்கு முன் கப்பல்களின் குளிர் அறைகளில் இருந்தது இதுவே. அண்மைக் காலத்தில் ஜெர்மானியக் கார் நிறுவனங்கள் சில இதை மீண்டும் கையாண்டிருக்கின்றன. அடர்த்தி மிகுந்தது என்பதால் கம்ப்ரெஸரும் குழாயும் சிறுத்துப் போகும். எடைக்கு அஞ்சும் ஹெலிகாப்டருக்கு அது நற்செய்தி. தொல்லையும் இல்லாமலில்லை. 134-ஏ போல் பல மடங்கு, நூறு வளிமண்டல அழுத்தத்துக்கும் மேலே, அதை அழுத்த வேண்டும். மேலும், 31 டிகிரிக்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் கரியமில வாயு திரவமாகாது. நம் ஊர் வெயிலில் 31 டிகிரி என்பது காலை ஒன்பது மணிக்கே வந்துவிடும். அப்பொழுதும் இயந்திரம் குளிர் தரும். ஆனால் அதற்கு உழைப்பு அதிகம், எரிபொருள் அதிகம். கசிந்த வாயு சிறிய அறைக்குள் நிறைந்தால் விமானிக்குத் தலைசுற்றலும் மயக்கமும் வரக்கூடும். ஆகையால் எச்சரிக்கும் கருவியும் வைத்தாக வேண்டும்.

வைத்தியர் கோரியின் வழியும் இன்னும் சாகவில்லை. பெரிய விமானங்கள் வெறும் காற்றைக்கொண்டே தம்மைக் குளிர்வித்துக்கொள்கின்றன. ஹெலிகாப்டரில் அதற்கு வேண்டிய அழுத்தக் காற்றைச் சிறிய எஞ்சினிடமிருந்து பிடுங்க வேண்டும். வெயில் நாளில் அது தன் உணவையே கொடுப்பது போலாகும்.

இவற்றுள் எது வெல்லும் என்று சொல்ல நாம் பொறியாளர் அல்லோம். ஆனால் எம்மை மிகவும் கவர்ந்தது வாயுவைப்பற்றிய பேச்சே அன்று. முதலில் உஷ்ணத்தை உள்ளே வரவிடாமல் தடுப்போம் என்று சிலர் தொடங்குகிறார்களே, அதுதான். கண்ணாடியில் சூட்டுக் கதிரைத் திருப்பியனுப்பும் மெல்லிய பூச்சு, கியர் பாக்ஸின் கீழே உஷ்ணம் கடத்தாத தடுப்பு, தரையில் நிற்கும்போது வெள்ளைத் துணியால் போர்வை. இவற்றுக்குக் கம்ப்ரெஸர் வேண்டியதில்லை. அறை முழுவதையும் குளிர்விப்பதற்குப் பதிலாக மனிதனை மட்டும் குளிர்விக்கும் முறையும் உண்டு. அமெரிக்கத் தரைப்படையின் ஹெலிகாப்டர் விமானிகள் மெல்லிய குழாய்கள் தைத்த உள்சட்டை அணிகிறார்கள். சில கிலோ எடையுள்ள சிறு பெட்டி குளிர்ந்த நீரை அக்குழாய்களில் ஓடவிடுகிறது. நெஞ்சும் முதுகும் குளிர்ந்தால் மூளை தெளிவாயிருக்கும். தேவை இவ்வளவுதான் என்று அளந்துவிட்டால் கருவியும் எவ்வளவு சிறியதாகிவிடுகிறது பாருங்கள். நம் ஆலயத்திலும் இதை எண்ணிப் பார்க்கலாம். கூரைக்கு வெள்ளைப் பூச்சும், மேற்குச் சன்னலுக்கு நிழல் தரும் ஒரு வேப்பமரமும் வைக்குமுன் பத்து டன் இயந்திரத்துக்கு நன்கொடை சேகரிப்பது எந்தக் கணக்கில் சேர்த்தி என்று எமக்கு விளங்கவில்லை.

உலகத்திலுள்ள எல்லா ஹெலிகாப்டர்களின் குளிர்சாதன வாயுவையும் ஒன்றாகத் திரட்டினாலும் அது கடலில் ஒரு துளி. வீடுகளிலும் கடைகளிலும் உள்ள ஏர்கண்டிஷனர்கள் 2018-ஆம் ஆண்டுக் கணக்கில் 160 கோடி. 2050-இல் 560 கோடியாகும் என்று பன்னாட்டு எரிசக்தி முகமை மதிப்பிட்டிருந்தது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய 'லவுதாத்தோ சீ' மடலில் தீய நுகர்வுப் பழக்கங்களுக்கு எடுத்துக்காட்டாகப் பெருகிவரும் குளிர்சாதனப் பயன்பாட்டைக் குறிப்பிட்டபோது சிலர் முகம் சுளித்தார்கள். திருத்தந்தைக்கு இயந்திரத்தைப்பற்றி என்ன தெரியும் என்றார்கள். ராமநாதனும் மோலினாவும் அமர்ந்திருந்த கழகம் அவருக்கு அருகிலேயே இருந்தது என்பதை அவர்கள் அறியார்.

நம் பங்கிலேயே குளிர்சாதனம் பழுதுபார்க்கும் தொழில் செய்யும் இளைஞர் ஒருவர் இருக்கிறார். இக்கட்டுரைக்காக அவரிடம் சில ஐயங்களைக் கேட்டோம். "சாமி, வருடா வருடம் கேஸ் அடிக்கணும் என்று வீட்டுக்காரர்களே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வண்டிக்குப் பெட்ரோல் போடுவது போல" என்றார். முன்பு நினைவில் வைக்கச் சொன்ன சொல் இங்கே வருகிறது: வாயு சுற்றுகிறது, செலவாவதில்லை. குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையை அடைக்காமல் நிரப்புவது, ஓட்டைக் குடத்தோடு கிணற்றுக்கு நடப்பதே. வீடுகளில் பரவலாக உள்ள 410-ஏ என்ற வாயு ஒரு கிலோ வெளியேறினால் 2,000 கிலோவுக்கு மேற்பட்ட கரியமில வாயுவுக்குச் சமம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ வருகிறது என்ற கணக்கில், 900 லிட்டர் பெட்ரோல். நம் ஸ்கூட்டர் 40,000 கிலோமீட்டர் ஓடுமளவு. பெட்டியை இடம் மாற்றும்போது வால்வைத் திறந்து அதை உஸ்ஸென்று வெளியே விட ஒரு நிமிடம் போதும்.

விடாமல் உறிஞ்சி எடுத்து உருளையில் அடைக்கும் இயந்திரம் உண்டு. அந்த இளைஞர் அதை வாங்க எண்ணியிருக்கிறார். ஏணியில் ஏற்றிச் செல்ல அது கனம். வேலைக்கு அரைமணி நேரம் கூடுதலாகும். அந்த அரைமணி நேரத்துக்குக் கூலி கேட்டால், அடுத்த தெருக்காரர் சீக்கிரம் முடித்துக் குறைவாக வாங்குகிறாரே என்கிறார்களாம். அவருடைய வாடிக்கையாளர் பட்டியலில் நம் பங்குக் குடும்பங்கள் பாதிக்கு மேல்.